இடது பாக்ஸ் கம்மியாகக் கேட்கிறது

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி என்னிடம் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. ரிட்டயர் ஆன மனுஷன் வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்ற நினைப்பு அவருக்கு. உட்கார்ந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஸ்பீக்கர் பாக்ஸைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, மேல் ஸ்வரம் வருகிற ட்வீட்டர் காதுக்கு நேராக வரும்படி எப்படி உயர்த்துவது, இரண்டையும் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து எவ்வளவு திருப்புவது எல்லாம் உங்கள் செல்போனிலேயே கிடைக்கிறது. நான் பத்து வருஷம் தடுமாறிக் கற்றுக்கொண்டதை யாரோ ஒருவர் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

அதனால் செல்போனில் வராத ஒன்றைச் சொல்கிறேன். சிதம்பரத்தில் ஒரு வீட்டில் நான் செய்த தப்பு. தப்பைச் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்காமல் போயிருந்தால் ஒரு பெண்மணி பெரிய விலை கொடுத்திருப்பார். இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மா சிதம்பரத்தில் கோர்ட்டில் ஸ்டெனோ. ஜட்ஜ் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. ஒரு சனிக்கிழமை கணவரோடு கடலூரில் நம் கடைக்கு வந்தார். அலமாரித் தட்டில் அடங்குகிற மாதிரி சின்ன பாக்ஸ் ஒரு ஜோடி வேண்டும், பாட்டு கேட்க மட்டும், ஊரைக் கூட்ட இல்லை என்றார். அந்தப் பேச்சிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நம்மிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால்தான் நல்ல ஸ்பீக்கர் என்று நினைப்பவர்கள்.

ஒரு பெண் குரல், கூட ஒரு வயலின், அவ்வளவுதான் இருக்கிற ஒரு பாட்டை என் பென்டிரைவிலிருந்து போட்டேன். நாலு ஜோடி மாற்றி மாற்றிக் கேட்டார். மூன்றாவது ஜோடி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சார், இதுல ஒண்ணு மட்டும் மூக்கடச்சிப் பேசுது. அந்தக் கதவு பக்கம் இருக்கே, அது."

எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனாலும் உள்ளே ரிப்பேர் பெஞ்சுக்கு எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்தால், ட்வீட்டருக்குப் போகிற வயர் ஒன்று சரியாகப் பற்ற வைக்கப்படாமல் இருந்தது. கடையில் எத்தனையோ நாளாக எல்லோரும் கேட்ட பாக்ஸ். என்னையும் சேர்த்து ஒருத்தருக்கும் தெரியவில்லை. "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்றேன். "இந்தக் காதுதான் சார் எனக்குச் சோறு போடுது. இது போச்சின்னா வேலையும் போச்சி" என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்த அம்மாவின் காது என் காதைவிட ஒசத்தி என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். இந்த முடிவுதான் பிறகு என் கண்ணை மறைத்தது.

முதல் தடவை மாட்டிக் கொடுக்கப் போனது ஒரு கூத்து. ஹாலில் தெற்குச் சுவரை ஒட்டித்தான் பாக்ஸ் வைக்க இடம். வலது கைப்பக்கம் தென்மேற்கு, அதாவது கன்னி மூலை. அங்கே ஆளை மறைக்கிற அளவுக்கு ஒரு இரும்பு பீரோ. இடது கைப்பக்கம் வாசல் கதவு. மூலைக்குப் பக்கத்தில் பாக்ஸை வைத்தால் அந்தப் பக்கம் கனத்த பேஸ் சத்தம் திரண்டு கும்மென்று வரும், உங்களுக்குத் தெரியும். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டேன். சேத்தியாத்தோப்பு பக்கம் நிலம், சிதம்பரத்தில் விதைக் கடை என்று இருக்கிற கணவருக்கு முகம் மாறிவிட்டது.

"சார், நீங்க வேற எது வேணா சொல்லுங்க. கன்னி மூலையில கனம் இருக்கணும். மேஸ்திரி சொல்லி வச்சது. அது நவுந்துச்சின்னா வீட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும்."

"பாட்டு நல்லா வரணும்ல சார்?"

"பாட்டு கொஞ்சம் முன்ன பின்ன வந்தா ஒண்ணும் ஆவாது."

சரி என்று நான் வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்தேன். அவர் கையில் டீப்பாய் மேல் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து, மூலையில் ஆரம்பித்துச் சுவரோரமாக மெல்ல நடந்துகொண்டே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மூலையில் நிற்கும்போது குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிற குரல், ஒரு இடத்துக்கு வந்ததும் தெளிந்துவிடும். அங்கேதான் பாக்ஸுக்கு இடம். மனுஷன் மாப்பிள்ளை பெண் பெயர்களைப் படித்து, தாய்மாமன்களைப் படித்து, அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்துவிட்டார். அந்த அம்மா சோபாவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். தெளிந்த இடத்தில் பாக்ஸை வைத்து, ஆம்ப்ளிஃபயரில் இடது வலது சத்தத்தைப் பங்கு போடுகிற பேலன்ஸ் நாப் நடுவில் நிற்கப் பாட்டைப் போட்டேன். குரல் இரண்டு பாக்ஸுக்கும் நட்ட நடுவில் வந்து நின்றது. "அய்யோ, எதிர்ல நின்னு பாடுற மாதிரியே இருக்கு" என்றார் அந்த அம்மா. பீரோவும் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒன்றரை மாதம் கழித்து, நல்ல வெயில் காலத்தில் போன் வந்தது. நாலு நாளாக இடது பாக்ஸ் கம்மியாகக் கேட்கிறதாம். போனிலேயே வயரைச் செருகிப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டார், ஒன்றும் மாறவில்லை. முதலாளி காதில் விழுந்துவிட்டது. அவர் என் மனைவிக்குத் தம்பி. ஊர் உலகத்துக்கு முதலாளி, எனக்கு மச்சான்.

"மாமா, அவுங்க கோர்ட்டுல வேலை பாக்குறவங்க. ஆபீஸ்ல நாலு பேருகிட்ட சொன்னாங்கன்னா நம்ம பேரு என்னாவறது? எப்பிடியாச்சும் அட்ஜஸ்ட் பண்ணிட்டு வந்துடுங்க."

அட்ஜஸ்ட். நம் தொழிலில் தினம் நாற்பது தடவை வாயில் வருகிற வார்த்தை. நாப்பைத் திருப்பினாலும் அட்ஜஸ்ட், பாக்ஸைத் தள்ளினாலும் அட்ஜஸ்ட், வாடிக்கையாளரைச் சமாளித்தாலும் அட்ஜஸ்ட். இந்த மூன்றும் ஒன்றில்லை என்று அந்த நாளுக்கு முன் நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் காலை போனேன். அந்த அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். பாட்டைப் போட்டார்கள். என் காதுக்கு இரண்டும் சமமாகத்தான் இருந்தது. குரல் நடுவில்தான் நின்றது. ஆனால் என் காதை நான்தான் ஏற்கெனவே ஒரு படி கீழே இறக்கி வைத்திருந்தேனே. மூக்கடைத்த ட்வீட்டரைக் கண்டுபிடித்த காது சொல்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை போல என்று எடுத்துக்கொண்டேன்.

இடது வயரையும் வலது வயரையும் மாற்றிச் செருகினேன். இடதுதான் கம்மி என்றார். பாக்ஸையே இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் வாசல் பக்கம் இருப்பதுதான் கம்மி என்றார். ஒவ்வொன்றாகத் தனியாகப் போட்டுக் காட்டினேன். "தனித்தனியா கேட்டா ரெண்டும் பரவால்ல சார். சேந்து வரும்போதுதான் எல்லாம் பீரோ பக்கம் ஒதுங்கிப் போயிடுது" என்றார். பாக்ஸ் இல்லை, வயர் இல்லை, ஆம்ப் இல்லை. அப்போது மிச்சம் என்ன? ரூம். வெயிலுக்கு வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், அந்தப் பக்கத்துச் சத்தம் வெளியே போகிறது, இந்தப் பக்கம் கன்னி மூலை ஏற்றிக் கொடுக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டேன். கதவைச் சாத்திப் பார்த்தபோதும் அவர் கம்மி என்றுதான் சொன்னார். அதோடு என் கணக்கைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். பீரோ மேல் எனக்குப் பழைய கோபம் வேறு இருந்தது.

"பீரோவ எடுத்தே ஆகணும் சார்" என்றேன் கணவரிடம். அன்றைக்கு அவரும் பெண்டாட்டிக்காக இறங்கி வந்தார். பீரோவைக் காலி செய்யாமல் நகர்த்த முடியாது. பட்டுப் புடவை, பத்திரம், பித்தளைப் பாத்திரம் என்று பாதி வீடு வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு மூன்று பேரும் வேர்க்க விறுவிறுக்க அதை உள் அறைக்குத் தள்ளினோம். மூலை லேசாகிவிடக் கூடாது என்று அவர் கடையிலிருந்து விதை நெல் மூட்டை நாலு வரவழைத்து அங்கே அடுக்கிவிட்டார். மூட்டை சத்தத்தை நன்றாக உறிஞ்சும். எனக்கும் அது ஒத்துவந்தது.

பாட்டைப் போட்டோம். அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டார். பாவம், நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு "சரியாயிட்டு" என்று சொல்ல அவருக்கு ஆசைதான். முடியவில்லை. "இல்ல சார். இன்னும் கம்மியாத்தான் இருக்கு."

அதற்கு நடுவில் இரண்டு விஷயம் நடந்தது. அந்த அம்மா காபி கொடுத்தபோது, கோர்ட்டில் வேலை எப்படிப் போகிறது என்று சும்மா கேட்டேன். "புது ஜட்ஜ் வந்திருக்காரு சார். வந்து நாலஞ்சி நாள் ஆவுது. வாய்க்குள்ளேயே பேசுறாரு. ஒவ்வொரு வரிக்கும் 'இன்னொரு தரம் சொல்லுங்க ஐயா'ன்னு கேக்க வேண்டியிருக்கு. என் சர்வீஸ்ல நான் இப்பிடிக் கேட்டதே இல்ல. நேத்து அவரு மொறச்சிட்டாரு." பிறகு அவருக்கு ஒரு போன் வந்தது. இடது காதில் வைத்து, "கேக்கல, கேக்கல, சிக்னல் இல்ல" என்று நாலு தடவை சொன்னார். வலது காதுக்கு மாற்றியதும் சாதாரணமாகப் பேசி முடித்தார். இரண்டையும் நான் பார்த்தேன், கேட்டேன். தலையில் ஏறவில்லை.

கடைசியில் எனக்கு அலுத்துவிட்டது. பேலன்ஸ் நாப்பை இடது பக்கம் திருப்ப ஆரம்பித்தேன். "இப்ப? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே திருப்பினேன். கிட்டத்தட்ட முக்கால்வாசி போனதும், "இப்ப சரியா இருக்கு சார்!" என்று அவர் முகம் மலர்ந்தது. என் காதுக்குப் பாட்டு முழுவதும் வாசல் பக்கத்து பாக்ஸில் போய் உட்கார்ந்திருந்தது. எந்த ரூமுக்கும் அவ்வளவு திருப்ப வேண்டி வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வேலை முடிந்தது என்ற தாளை நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே ஒரு கட்டளை போட்டார். வாடிக்கையாளரிடம் எது வேண்டுமானாலும் சொல், "உங்க காதுலதான் கோளாறு" என்று மட்டும் சொல்லாதே. ரிப்பேர் தெரியாதவன் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற பேச்சு அது. அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். எத்தனையோ இடத்தில் அது என்னை நல்லவனாகக் காட்டியிருக்கிறது. அன்றைக்கு அதே கட்டளைதான் பார்க்க வேண்டிய ஒரே இடத்தைப் பார்க்கவிடாமல் செய்தது. ஒருவரிடம் சொல்லக் கூடாது என்பது மரியாதை. சோதித்தும் பார்க்கக் கூடாது என்று நானாகச் சேர்த்துக்கொண்டது மடத்தனம்.

பஸ் புதுச்சத்திரத்தை நெருங்கும்போது கடையிலிருந்து போன். ரிப்பேர் பெஞ்சில் வேலை பார்க்கிற பெண். கம்மாபுரம் பக்கம் ஊர், பாலிடெக்னிக் படித்தவள், என் பெண்ணைவிடச் சின்னவள். அவள் பெயரை எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வேலை விவரம் குறிக்கிற ஜாப் கார்டில் என்ன எழுதுவது என்று கேட்டாள். நடந்ததை எல்லாம் பெருமையாகச் சொன்னேன். பீரோ தள்ளிய கதையைச் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணே, வயர மாத்துனீங்க. பாக்ஸ மாத்துனீங்க. ஆள மாத்திப் பாத்தீங்களா?"

"ஆள எப்பிடிம்மா மாத்துறது?"

"திருப்பி உக்கார வச்சிப் பாத்தீங்களாண்ணே? முதுகக் காட்டி?"

'இன்னொரு தரம் சொல்லுங்க ஐயா' என்பதும் 'சிக்னல் இல்ல' என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னால் நின்றன.

அவளே தொடர்ந்தாள். "எங்க பெரியப்பாவுக்கு இப்பிடித்தாண்ணே. ஒரு நாள் காலைல எழுந்தா ஒரு காது அடச்சிக்கிட்டிருந்துச்சி. சளியா இருக்கும்னு ஒரு மாசம் உட்டுட்டாரு. அப்புறம் டாக்டர்கிட்ட போனா, மொத வாரத்துலயே வந்திருந்தா பாத்திருக்கலாமேன்னாராம். அந்தக் காது அப்பிடியே போயிட்டு. உங்க மேடத்துக்கு எத்தினி நாளா?"

நாலு நாள். புகார் சொன்னது நேற்று. ஆகவே ஐந்து.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர், "கடலூருக்கு டிக்கெட் எடுத்துட்டு புதுச்சத்திரத்துல எறங்குறீங்களே பெரியவரே" என்றார். இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஒருவேளை என் நினைப்பு தப்பாக இருந்தால்? பாதி வீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து 'உங்க காதுலதான் கோளாறு' என்கிறான் என்று ஆகும். காதை வைத்துப் பிழைக்கிறவரிடம், கணவர் எதிரில். மச்சானுக்கு போன் செய்தேன்.

"இன்னா மாமா நீங்க! அவுங்க சரின்னு சொல்லிட்டாங்கல்ல? கையெழுத்து போட்டாங்கல்ல? நாமளா போயி வம்ப இழுத்து உட்டுக்கிறதா? வுடுங்க, வாங்க."

"இல்ல மச்சான். நான் போறேன். திட்டு வாங்குனா நான் வாங்கிக்கிறேன்" என்று சொல்லி போனை வைத்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே போகாமல் வீட்டுக்குத் திரும்பினால் அன்றைக்குச் சோறு இறங்காது என்ற பயம், அவ்வளவுதான்.

நான் மறுபடி வாசலில் நின்றபோது கணவர் பித்தளைப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். "இன்னும் எதை சார் நவுத்தணும்? சுவத்தயா?" என்றார்.

"எதையும் இல்ல சார். ஒரே ஒரு தரம் கேட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

நாப்பை நடுவுக்குக் கொண்டுவந்தேன். நாற்காலியை எடுத்து, முதுகு பாக்ஸைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டேன். அந்த அம்மா உட்கார்ந்தார். பாட்டைப் போட்டேன்.

"எந்தப் பக்கம் மேடம் கம்மி?"

"பீரோ இருந்த பக்கம்" என்றார் உடனே. பிறகு தலையை மட்டும் திருப்பி நெல் மூட்டையைப் பார்த்தார். வாசல் கதவைப் பார்த்தார். நான் சொல்வதற்கென்று பஸ்ஸில் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் விரலை இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொடுக்கினார். இன்னொரு தடவை சொடுக்கினார். வலது பக்கம் சொடுக்கிப் பார்த்தார்.

"பாக்ஸ் இல்ல" என்றார். "ஜட்ஜும் வாய்க்குள்ள பேசல. அவரு எனக்கு எடது பக்கம் உக்காந்திருக்காரு."

கணவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "தலைக்குக் குளிச்சல்ல, தண்ணி போயிருக்கும். எண்ணெயக் காச்சி ரெண்டு சொட்டு வுட்டா சரியாயிடும். நாளைக்குப் பாக்கலாம்."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியாது. "எண்ணெயும் வேணாம், நாளைக்கும் வேணாம் சார். இப்பவே காது டாக்டர்கிட்ட போகணும். நான் ஆட்டோ கூப்பிடுறேன்" என்றேன். வாடிக்கையாளர் வீட்டில் நான் உரக்கப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு முதலில் வாசலுக்கு வந்து நின்றார்.

டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, அழுக்கு அடைப்பு எதுவும் இல்லை என்றார். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நாங்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வலது காது. கை டக் டக்கென்று மேலே போயிற்று. பிறகு இடது. கை மடியிலேயே கிடந்தது. எப்போதாவது ஒரு தடவை சந்தேகமாக மேலே வந்தது. கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல கனமான கை.

"உள்ள நரம்புல திடீர்னு வர்றதும்மா" என்றார் டாக்டர். "சில பேருக்கு முழுசா திரும்பிடும். சில பேருக்குப் பாதி. சில பேருக்குத் திரும்பாது. முன்கூட்டி என்னால சொல்ல முடியாது. ஆனா சீக்கிரம் வந்திருக்கீங்க, அது பெரிய விஷயம். மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிங்க. யாரு அனுப்புனது உங்கள?"

"ஸ்பீக்கர் மாட்ட வந்தவரு" என்றார் அந்த அம்மா. டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பெஞ்சில் வேலை பார்க்கிற பெண்ணின் கதையைச் சொல்லத் தொடங்கி, நடுவில் குழறி, நிறுத்திவிட்டேன்.

வீட்டில் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "சார், அந்த நாப்ப மறுபடி எடது பக்கம் திருப்பி வச்சிட்டுப் போங்க. சரியாவுற வரைக்கும் அப்பிடியே கேட்டுக்கிறேன்." திருப்பி வைத்தேன்.

பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. போன் செய்து விசாரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. காது திரும்பவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கணவர் மட்டும் ஒரு தடவை மச்சானிடம் பேசியிருக்கிறார். ஜட்ஜிடம் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை மறுபக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாராம், இப்போதைக்கு வேலைக்கு ஆபத்தில்லையாம். காதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, மச்சானும் கேட்கவில்லை. 'வம்ப இழுத்து உட்டுக்கிறதா' என்று கேட்ட மச்சான் அந்த நாட்களில் என்னிடம் சத்தம் போட்டுப் பேசவே இல்லை. பெஞ்சுப் பெண் தினமும் காலையில் என் முகத்தைப் பார்ப்பாள். தகவல் இல்லை என்று நான் தலையை ஆட்டுவேன். அவள் சால்டரிங் அயர்னைச் சூடாக்கப் போய்விடுவாள்.

ஒரு நாள் காலை கடை திறந்து பாதி ஷட்டர்தான் ஏறியிருந்தது. போன் அடித்தது. எடுத்தேன்.

"சார், சிதம்பரத்துலேர்ந்து பேசுறேன். உங்க பாக்ஸ் மறுபடியும் தகராறு பண்ணுது சார். எடது பாக்ஸ் ரொம்ப ஜாஸ்தியா கத்துது. ரெண்டு மூணு நாளா ஜாஸ்தியாயிட்டே வருது. காதே வலிக்குது."

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். வழக்கப்படி நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்து, "வயர் டைட்டா இருக்கான்னு பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். அல்லது அழுதார், எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த நாப்பை இடது பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தவன் நான்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரிக்காத ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சுப் பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நாப்ப நடுவுல வச்சிட்டேன் சார். இப்ப நடுவுலேர்ந்து பாடுறாங்க."

"நடுவுலேர்ந்துதான் மேடம் பாடணும்" என்றேன். எட்டிப் பார்த்த பெஞ்சுப் பெண்ணிடம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.